கைகளைப் பூட்டிய வைரஸ்

சின்னமனூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் நான் டி.டி.பி. கடை வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு அழைப்பிதழ், பள்ளிக்கூட வினாத்தாள், பயோடேட்டா, ஆடி மாதம் வந்துவிட்டால் குச்சனூர் கோவில் திருவிழா நோட்டீஸ். இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று பழசு, தட்டச்சுக்கு மட்டும். இன்னொன்று புதுசு, போட்டோ வேலைக்கும் இன்டர்நெட்டுக்கும்.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு நாள் ஒரு டீச்சர் கடைக்கு வந்தார். உத்தமபாளையத்துக்காரர். மார்க்கையன்கோட்டையில் வாடகை வீட்டில் நடந்த, காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே, "போட்டோ நெறைய வச்சு ஒரு புத்தகம் போட முடியுமாக்கா?" என்று கேட்டார்.

"என்ன புத்தகம் டீச்சர்?"

"எங்க பிள்ளைக பேசுறதுக்கு ஒரு அகராதி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சைகை என்றால் உலகம் முழுக்க ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவர் சிரித்தார். அந்தப் பிள்ளைகள் கம்பம், கூடலூர், போடி என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒன்றாகச் சேர்ந்து படித்ததில் அவர்களே தங்களுக்கென்று நூற்றுக்கணக்கான சைகைகளை உண்டாக்கி வைத்திருந்தார்கள். லோயர் கேம்ப் என்று சொல்ல, மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் குழாய்களைப் போல விரல்களை முன்கையில் வழுக்கவிட்டு இறக்குவார்கள். குச்சனூர் என்றால் சனீஸ்வரன், சனீஸ்வரன் என்றால் காக்கா. அதனால் தலைக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சிறகடிப்பார்கள். அவர்களுக்குள் இதெல்லாம் சரளம். வீட்டுக்குப் போனால்தான் ஊமைகள்.

"அவுக அம்மாமாருக்குத் தெரிஞ்சது சாப்பிடு, வா, தூங்கு, அடிப்பேன். அம்புட்டுத்தான்" என்றார் டீச்சர். "பிள்ள என்னைக்காச்சும் கனவு கண்டேன்னு சொன்னா, அம்மாவுக்கு அது விளங்க வேணாமா?"

அன்றைக்கே நான் ஒத்துக்கொண்டேன்.

கடையின் பின்சுவரில் வெள்ளைப் போர்வையைக் கட்டினோம். சனிக்கிழமைகளில் டீச்சர் இரண்டு மூன்று பிள்ளைகளை அழைத்து வருவார். ஒரு வார்த்தைக்கு இரண்டு படம், சிலதுக்கு மூன்று. கை எங்கே தொடங்குகிறது, எங்கே போய் முடிகிறது. நான் படம் பிடித்து, பின்னணியை வெட்டி, பக்கத்தில் வைத்து, வார்த்தையை அடிப்பேன். படங்களுக்குக் கோப்புப் பெயர் வைப்பதும் நான்தான். காக்கா ஒன்று, காக்கா இரண்டு. இப்படி இரண்டு பள்ளி வருஷம் ஓடியது. பிள்ளைகள் கடைக்குள் நுழைந்ததும் எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுகிற மாதிரி ஒரு சைகை. அதுதான் நான். அந்தப் படத்தையும் புத்தகத்தில் போட வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாதம் வேலை முடியும் தறுவாய்க்கு வந்திருந்தது. மேற்கே மலையில் சாரல் விழுந்து, கடைக்குள் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள். டீச்சர் தன் பென் டிரைவோடு வந்திருந்தார். படங்களின் நகல் முழுதும் அதில்தான் இருந்தது. புதிதாக எடுத்ததையும் அதில் ஏற்றிக்கொண்டு போக வந்திருந்தார். அதைச் செருகிவிட்டு, நகல் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் நான் மெயிலைத் திறந்தேன். பயோடேட்டா ஒன்றை இணைப்பாக அனுப்பி, பார்க்கச் சொல்லி ஒரு மெயில் வந்திருந்தது. திறந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் தட்டினேன். அப்போதும் ஒன்றுமில்லை. ஏதோ கெட்டுப்போன கோப்பு என்று விட்டுவிட்டேன்.

இதைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது ஒருவர், "தெரியாத மெயிலை எதுக்குத் திறந்தீங்க?" என்று கேட்பார். பயோடேட்டா அடித்துக் கொடுப்பதுதானய்யா என் பிழைப்பு! தெரியாத ஆட்கள் பயோடேட்டா அனுப்பாவிட்டால் எனக்கு வேலையே இல்லை. கடைக்கு வந்தவனை வாங்க என்று கூப்பிட்டவள் குற்றவாளி, வந்து கடையைச் சூறையாடியவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் மந்தமானது. முன்பக்கத்தில் இருக்கும் சிவப்பு விளக்கு, வழக்கமாக விட்டுவிட்டு மினுக்குவது, அன்றைக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. நகல் போகிறது, அதனால்தான் என்று நினைத்தோம். அந்த வருஷம் மின்வெட்டு இல்லாத நாளே கிடையாது. தினமும் வந்து என் கழுத்தை அறுத்த மின்வெட்டு, வந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருக்கும் அந்த ஒரு நாளில் மட்டும் வரவில்லை.

டீச்சர் திரையைப் பார்த்து, "அக்கா, படமெல்லாம் ஏன் வெள்ளையா ஆகுது?" என்றார்.

படங்களின் சின்னச் சின்ன உருவங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைத்தாளாக மாறிக்கொண்டிருந்தன. நான் வைத்த பெயர்களுக்குப் பின்னால் கிரிப்ட் என்று ஆங்கிலத்தில் ஒரு வால் முளைத்திருந்தது. ஒன்றைத் திறந்தேன். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. டீச்சர் எட்டிப் பென் டிரைவைப் பிடுங்கினார். பழைய கம்ப்யூட்டரில் அதைச் செருகிப் பார்த்தோம். அதிலும் எல்லாக் கோப்புக்கும் அதே வால். மூலமும் நகலும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்ததால் இரண்டும் சேர்ந்தே போயின.

ஒவ்வொரு போல்டரிலும் புதிதாக ஒரு கடிதம் கிடந்தது. சின்ன ஆங்கிலக் கடிதம். உங்கள் கோப்புகள் யாராலும் உடைக்க முடியாத சங்கேதத்தில் மாற்றப்பட்டுவிட்டன; திரும்ப வேண்டுமென்றால் அதற்கான திறவுகோலை எங்களிடம் விலைக்கு வாங்குங்கள்; இந்த மெயிலுக்கு எழுதுங்கள். கவனியுங்கள், விலைக்கு வாங்குங்கள் என்று எழுதியிருந்தான். ஏதோ கடை திறந்து நியாயமாக வியாபாரம் செய்கிறவன் மாதிரி.

டீச்சர் அதை இரண்டு தடவை படித்தார். "என் பிள்ளைக கை இவனுக்கு எதுக்கு?" என்றார்.

தேனியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஓர் அண்ணனுக்குப் போன் போட்டேன். நாற்பது வயதுக்காரர், முன்பு டி.வி. மெக்கானிக். மறுநாள் வந்தார். கையோடு கொண்டுவந்த ஆன்டிவைரஸ் சி.டி.யைப் போட்டு ஏற்றினார், முழுக்கச் சோதித்தார், நிம்மதியாக என் பக்கம் திரும்பினார்.

"வைரஸ் ஒண்ணும் இல்லம்மா. சுத்தமா இருக்கு."

"என்னண்ணே சொல்றீக? ஒரு படம்கூடத் திறக்க மாட்டேங்குது, சுத்தமா இருக்குங்கிறீக?"

"வைரஸ் இருந்தாத்தான எடுக்க முடியும்? ஃபார்மேட் போட்டுர்றேன். புதுசு மாதிரி ஓடும்."

பின்னால்தான் தெரிந்துகொண்டேன், அவர் சொன்னது பொய் இல்லை. அந்த வைரஸ் தன் வேலையை முடித்ததும் தன்னைத் தானே அழித்துக்கொண்டு போய்விடுகிற ரகம். பூட்டுப் போட்டவன் போய்விட்டான். பூட்டு மட்டும் தொங்குகிறது. வைரஸை எடுப்பது ஒரு வேலை, பூட்டைத் திறப்பது முற்றிலும் வேறு வேலை. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. ஆனாலும் ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் மின்சார வயரைப் பிடுங்கிவிட்டேன். அண்ணன் முகம் கறுத்துப்போய்த் தேனி பஸ் ஏறினார்.

அடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். எந்த ஊர் ஸ்டேஷன் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"என்னம்மா திருடு போச்சு?"

"ஃபைல் சார். போட்டோ எல்லாம்."

"எங்கன வச்சிருந்தீக?"

"கம்ப்யூட்டர்ல."

"இப்ப எங்கன இருக்கு?"

"கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ஆனா..."

"கம்ப்யூட்டர்?"

"கடையில இருக்கு."

அவர் பேனாவை மூடினார். "அப்ப எதும்மா திருடு போச்சு?"

டீச்சர் எவ்வளவோ விளக்கினார். மிரட்டிப் பணம் கேட்கிறான் என்றார். யார் என்று கேட்டார்கள். தெரியாது. எந்த ஊர்? தெரியாது. எந்த நாடு? அதுவும் தெரியாது. "மதுரைக்குப் போய்க் கேட்டுப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்க ஆள் இல்லை. ஆளே இல்லாத கோபம் மாதிரிக் கொடுமை வேறில்லை.

வீட்டில் என் கணவர், உரக்கடையில் வேலை முடித்து வந்தவர், "கேக்குறதக் குடுத்து வாங்கிட்டா என்ன?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"குடுத்தா தருவான்னு யாரு சொன்னா? ஒருக்காக் குடுத்துட்டா நாளைக்குத் திரும்ப வரமாட்டானா?"

"அதுக்கில்ல. பிள்ளைக படமாச்சேன்னு..."

"பிள்ளைக படங்கிறதாலதான் தரமாட்டேன்."

டீச்சர் மட்டும் ஒரு முறை எழுதிப் பார்ப்போம் என்றார். பணம் தருவதாக இல்லை. விஷயத்தைச் சொல்லிப் பார்க்கலாம் என்று. பழைய கம்ப்யூட்டருக்கு நெட் வயரை மாற்றி, நல்ல ஆங்கிலத்தில் பொறுமையாக எழுதினார். இவை காது கேளாத குழந்தைகளின் படங்கள், அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளோடு பேசுவதற்கான புத்தகம், எங்களிடம் வேறு நகல் இல்லை, இதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை, தயவுசெய்து திறந்து கொடுங்கள். எனக்கு அந்தத் தயவுசெய்து பிடிக்கவில்லை. ஆனாலும் அனுப்பும் பொத்தானை நானே தட்டினேன்.

மறுநாளே பதில் வந்தது. விலை. பணத்தை அனுப்ப வேண்டிய வழி. திறவுகோல் அனுப்பப்படும் என்ற உறுதி. கடைசியில் நன்றி. எல்லாருக்கும் போகிற அதே அச்சடித்த பதில். குழந்தைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டு வருஷத்தில் டீச்சர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டார். "படிச்சுப் பாத்துட்டு இத அனுப்புனானா, இல்ல படிக்காமலே அனுப்புனானா? சொல்லுங்கக்கா, எது கேவலம்?"

நான் அந்த மெயிலை மூடினேன்.

அந்தக் கோபத்தில்தான் உட்கார்ந்தோம். கடைக்கு வந்த வேலையையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு, கடிதத்தில் இருந்த வரிகளை அப்படியே தேடுபெட்டியில் அடித்து, வந்ததையெல்லாம் படித்தோம். உலகம் முழுக்க எங்களைப் போல ஆட்கள் இருந்தார்கள். ஒருவனுக்குக் கணக்குகள் போயிருந்தன, ஒருத்திக்கு இறந்துபோன தாயின் படங்கள். எழுதியவர்கள் எல்லாரும் கொதித்துப்போயிருந்தார்கள். அதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. புலம்பல்களுக்கு நடுவில், விஷயம் தெரிந்த யாரோ ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். டீச்சர் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல, எனக்குக் கம்ப்யூட்டர் பாஷை புரிய, இரண்டு பேருமாகச் சேர்ந்து விளங்கிக்கொண்டோம்.

அந்தப் பூட்டை உடைக்க முடியாது. அதில் அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த வைரஸ் கோப்பின் மேலேயே பூட்டைப் போடுவதில்லை. கோப்பைப் படித்து, பக்கத்தில் பூட்டிய நகல் ஒன்றை எழுதிவிட்டு, அசலை அழிக்கிறது. அழிப்பது என்றாலும், ஹார்ட் டிஸ்கில் அந்த இடம் காலி என்று குறித்துக்கொள்கிறதே தவிர, படம் உடனே மறைந்துபோவதில்லை. வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். அழிந்த படங்களைத் தேடி எடுக்க இலவசமாகவே ஒரு மென்பொருள் உண்டு. ஆகவே முதல் காரியம், அந்த டிஸ்கில் எதையும் புதிதாக எழுதாதீர்கள்.

எழுதாதீர்கள் என்ற இடத்துக்கு வந்ததும் டீச்சர் நிறுத்தினார். இரண்டு பேருக்கும் அந்த ஆன்டிவைரஸ் சி.டி. ஞாபகம் வந்தது.

தேனி அண்ணனுக்குப் போன் போட்டேன். நான் பேசியது அந்தச் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். என்ன ஏது என்று தெரியாமல் டிஸ்கில் ஏன் ஏற்றினீர்கள், ஃபார்மேட் வேறு போடப் பார்த்தீர்களே, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

"எனக்கு இது தெரியாதும்மா" என்றார் கடைசியில். "இப்பிடி ஒண்ண நான் பாத்ததில்ல. கழட்டி இங்கன கொண்டு வாங்க. எங்கிட்ட இன்வெர்ட்டர் இருக்கு. கரண்டு போனாலும் நிக்காது."

ஹார்ட் டிஸ்கைத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு தேனிக்குப் பஸ்ஸில் போனேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளம் வரும்போதெல்லாம் துண்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். வீரபாண்டியில் ஏறிய ஒரு அம்மா, "பச்சப் பிள்ளையா? முகத்தத் தொறந்து விடு ஆத்தா, மூச்சு முட்டும்" என்று சொன்னது. நாங்கள் இரண்டு பேரும் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தோம்.

அண்ணன் தன் கடைக் கம்ப்யூட்டரில் எங்கள் டிஸ்கை இரண்டாவது டிஸ்காக மாட்டினார், பென் டிரைவையும் செருகினார். இரண்டையும் படிக்க மட்டும்தான் செய்ய வேண்டும், கிடைப்பதையெல்லாம் வேறொரு காலி டிஸ்கில்தான் எழுத வேண்டும். நான் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் ஒவ்வொரு தட்டலுக்கும் முன்னால் என் முகத்தைப் பார்த்தார். காலையில் ஓடவிட்டது சாயங்காலம்வரை ஓடியது. நடுவில் ஒரு படம் தேறியிருக்கிறதா என்று திறந்து பார்த்தார். வெள்ளைப் போர்வைக்கு முன்னால் ஒரு சின்னப் பெண், தலைக்குப் பக்கத்தில் கை. காக்கா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு கடை வாசலுக்குப் போய்விட்டார்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை வந்தன. சில படங்கள் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக இருந்தன. முகம் இருக்கும், கை இருக்காது. சில வரவே இல்லை. நான் பக்கம் பக்கமாக அமைத்து வைத்த புத்தகக் கோப்பு ஒன்றுகூடத் தேறவில்லை. வந்த படங்களுக்கும் பெயர் இல்லை. வெறும் எண்கள்.

தேவையானதையெல்லாம் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரில் மாட்டாமல் தனியாக எடுத்து வைத்தபிறகுதான் அந்த டிஸ்கை முழுக்கத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடச் சம்மதித்தேன். பென் டிரைவையும் அப்படியே. அண்ணன் கூலி வாங்க மறுத்தார். வற்புறுத்திக் கொடுத்தேன். அவரிடம் எனக்கு இருந்த கோபம் அந்தக் கடையிலேயே தீர்ந்துவிட்டது. கடிதம் எழுதியவன்மேல் இருந்தது தீரவில்லை.

பெயர் தெரியாத படங்களை என்ன செய்வது? இரண்டு வருஷம் கூடவே இருந்தும், பாதிச் சைகைகள் எனக்கு அடையாளம் தெரியவில்லை. டீச்சருக்கே சிலது குழம்பியது. ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளையே அழைத்து வந்து திரைக்கு முன்னால் உட்கார வைத்தோம். ஒரு படம் வந்ததும் எல்லாரும் ஒன்றாகக் கையை ஆட்டுவார்கள். டீச்சர் வார்த்தையைச் சொல்வார், நான் பெயர் மாற்றுவேன். பாதி சாம்பலாகிப்போன ஒரு படம் வந்தபோது, அதில் முகம் மட்டும் தெரிந்த பெண்ணே எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், காணாமல் போன இடத்தில் தன் கையை நீட்டினாள். திராட்சைக் குலையைக் கத்தரிக்கிற சைகை. மற்றவர்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தார்கள்.

வராத படங்களைத் திரும்ப எடுத்தோம். ஏலக்காய்க்கு மட்டும் சரியான படம் அமையவில்லை. அந்தச் சைகையைக் கண்டுபிடித்த பையன் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போன பெற்றோரோடு மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குப் போய்விட்டான். கட்டைவிரலால் பிளந்து முகர்வது என்று ஒருத்தி சொன்னாள், இல்லை, பல்லில் வைத்துக் கடிப்பது என்று இன்னொருத்தன். கடைசிவரை ஒத்துப்போகவில்லை. புத்தகத்தில் அந்த இடத்தில் இரண்டையும் போட்டிருக்கிறோம். அவன் செய்தது எது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

பக்கங்களை முதலிலிருந்து அமைத்தேன். செப்டம்பரில் ரம்ஜான் நோன்பு வந்தது. டீச்சர் நோன்போடு மத்தியான வெயிலில் வந்து உட்கார்ந்து பிழை திருத்துவார். நான் டீயைப் பின்பக்கம் போய்க் குடித்துவிட்டு வருவேன். சில நாள் தூக்குச்சட்டியில் நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவார். இரண்டு பேருமே அந்த மெயிலைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தோம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாவது தடவையாக அமைக்கிறேன் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் என் விரல்கள் விசைப்பலகையை உடைத்துவிடுவதுபோல அடித்தன.

தீபாவளி கழிந்து புத்தகம் வந்தது. ஜூன் மாதமே கொடுத்திருக்க வேண்டியது. அதற்குள் பெரிய வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் பள்ளியை விட்டு நின்றிருந்தார்கள். ஒருத்திக்குப் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினோம். இன்னொருத்தி வீடு எங்கே மாறிப் போனது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "அதான் எல்லாம் கெடச்சிருச்சே, இன்னும் ஏன் திட்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்கிறவர்களுக்கு நான் அந்தப் பெண்ணைத்தான் சொல்வேன். எங்கோ இருந்த ஒருவன், யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்கும் அவள் தாய்க்கும் நடுவில் ஐந்து மாதத்தைச் செருகிவிட்டுப் போனான். நன்றி என்று முடித்து மெயில் வேறு அனுப்பினான்.

பள்ளியில் புத்தகம் கொடுத்த அன்று பெற்றோர் தரையில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கூடலூரிலிருந்து வந்த ஒரு அம்மா, களைவெட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர், பக்கங்களை மெதுவாகப் புரட்டி ஒரு படத்தில் நின்றார். மகளைத் தோளில் தட்டித் திருப்பி, படத்தில் இருந்தபடியே நெற்றியில் விரல்களை வைத்து வெளியே விரித்தார். கனவு. அந்தப் பெண் அம்மாவையே பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்து, விரல்களை இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்திச் சரியாக வைத்துவிட்டு, தன் கைகளால் வேகவேகமாக எதையோ சொல்லத் தொடங்கினாள்.

"மெதுவா சொல்லச் சொல்லுங்க டீச்சர்" என்றார் அந்த அம்மா, புத்தகத்தை அவசர அவசரமாகப் புரட்டிக்கொண்டே. "தேடணும்ல."